பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு இரட்டை மதிப்பு

பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைக்க விரும்பும் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் இது. தமிழக அரசின் பொறியியல் கலந்தாய்வில் பிளஸ் டூ மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்கு கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள்.

ஒரு மாணவி கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் தலா 80 எடுத்தால் கட்-ஆஃப் 90+40+40=170. ஒரு மாணவர் கணிதத்தில் 80, மற்ற இரண்டிலும் தலா 90 எடுத்தால் 80+45+45, அதுவும் 170. மூன்று பாடங்களையும் கூட்டினால் மாணவருக்குத்தான் 10 மதிப்பெண் அதிகம். ஆனால் கட்-ஆஃப் சமமானால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். எனவே தரவரிசையில் மாணவியே முந்துவார்.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீட்டிலும் தரவரிசைப்படியே இடம் கிடைக்கும். சாதிச் சான்றிதழ் அவசியம். அது மட்டும் போதாது.

பத்தாம் வகுப்பில் கணக்கு கஷ்டமாக இருந்தது என்பதற்காக, பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத குரூப்பில் அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள். பிறகு பெரும்பாலான பொறியியல் பிரிவுகளுக்கு விண்ணப்பிக்க முடியாமல் போகும். பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே ஆசிரியரிடம் கேட்டு, அப்போதே உதவி தேடுங்கள்.