மாடியில் 3 கிலோவாட், வீட்டுக்குள் இருட்டு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பாஞ்சாலங்குறிச்சியில் இருக்கும் சித்தப்பா வீட்டில் அந்த வருஷம் ஆடியில்தான் மாடியில் 3 கிலோவாட் சோலார் மாட்டியிருந்தார்கள். மழையில் கரண்டு போனது. மூன்றாம் நாள் நல்ல வெயில். பேனல் பளபளவென்று மின்னுது, வீட்டுக்குள் ஒரு பல்பு எரியல.

ஆச்சிக்கு மூச்சுத்திணறல் உண்டு. நெபுலைசர் வைத்தால்தான் அடங்கும். சித்தப்பா போனில் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஏய்யா, கரண்டு போனா இதுவும் போயிரும்னா, இவ்வளவு ரூவாய எதுக்குய்யா மாடியில ஏத்தினேன்?" கடைசியில் பக்கத்துத் தெருவில் பழைய இன்வெர்ட்டர் வைத்திருந்த வீட்டுக்கு ஆச்சியைக் கூட்டிப்போய் சமாளித்தார்கள். நெபுலைசர் 150 வாட் என்றே வைத்துக்கொள்வோம். பத்து நிமிஷம் ஓடினால் 0.025 யூனிட். தினம் 12 யூனிட் தரக்கூடிய பேனல் மேலே இருந்தும் அந்த 0.025 யூனிட் கிடைக்கவில்லை. அது ஏன் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

ஏன் நின்றது?

மானியத்தோடு மாட்டும் வீட்டு சோலார் பெரும்பாலும் 'ஆன்-கிரிட்' வகை. அதன் இன்வெர்ட்டர் மின்வாரிய லைனில் வரும் வோல்டேஜையும் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணையும் பார்த்து, அதன் தாளத்துக்கு ஏற்பத்தான் கரண்டு கொடுக்கும். லைன் செத்துவிட்டால் தானும் உடனே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக் கரண்டு வெளியே லைனில் ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். ஆக அது பழுதில்லை, பாதுகாப்பு. ஆனால் மாட்டும்போது இதை யாரும் சித்தப்பாவிடம் விளக்கிச் சொல்லவில்லை.

ஆன்-கிரிட் சோலார் பில்லைக் குறைக்கும், இருட்டைப் போக்காது. இருட்டுக்கு பேட்டரி வேண்டும். இந்த இரண்டு தேவையையும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

பில் கணக்கு

நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். 3 கிலோவாட் என்றால் 720. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தமே 120 யூனிட் ஓட்டும் வீட்டில் காசு கட்டுவது 20 யூனிட்டுக்குத்தான். அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் எதற்கு? ஏசி, மோட்டார் என்று 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குத்தான் லாபம் கண்ணில் தெரியும்.

2024ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் மேலும் 78,000 ரூபாய் மானியம். அது பேனல் அளவுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது. மானியத் தொகையைப் பார்த்து 3 கிலோவாட் மாட்டுவதைவிட, பழைய இபி பில் ஆறை எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு மாட்டுவது நல்லது.

இருட்டுக் கணக்கு

வெள்ளம் வடிந்தபிறகு சித்தப்பாவும் நானும் உட்கார்ந்து ஒரு ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று எழுதினோம். இரண்டு ஃபேன் பத்து மணி நேரம், மூன்று பல்பு ஐந்து மணி நேரம், ஆச்சியின் நெபுலைசர்.

பழைய ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டுக்கும் பத்து மணி நேரத்தில் 1.5 யூனிட். கடையில் விற்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியில் இருப்பதே 1.8 யூனிட். அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுசு குறையும். எனவே கையில் 0.9தான். பத்தாது. இன்னொரு பேட்டரி வாங்கலாமா என்றார். நான் ஃபேனை மாற்றச் சொன்னேன். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான். இரண்டுக்கும் சேர்த்து 0.6 யூனிட். பல்பு, நெபுலைசர் எல்லாம் சேர்த்தாலும் 0.8க்குள் அடங்கிவிட்டது. பேட்டரியைப் பெரிதாக்கும் முன் செலவைச் சிறிதாக்க வேண்டும்.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டரில் பேட்டரியை நேரே கோர்க்க முடியாது. ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறலாம், ஆனால் செலவு ஜாஸ்தி. சித்தப்பா வீட்டில் மேலே இருப்பதைத் தொடாமல், தனியாக ஒரு சின்ன இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி, அதை சார்ஜ் செய்ய சார்ஜ் கன்ட்ரோலரோடு தனியாக ஒரு 330 வாட் பேனல் வைத்தோம். நாள் கணக்கில் கரண்டு வராவிட்டாலும் வெயில் அடித்தால் போதும்.

கரிசல் காட்டுப் பாடங்கள்

"வெயில் ஏற ஏற கரண்டும் ஏறும்" என்பது தப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். சித்திரை மத்தியானம் பேனல் 65 டிகிரி தொட்டால் 14 சதவீதம் போச்சு. தரைக்கும் பேனலுக்கும் நடுவில் காற்று ஓட இடம் விட்டால் கொஞ்சம் தணியும்.

ஆடிக்காற்று பேனலைக் குளிர்விக்கும், ஆனால் கரிசல் புழுதியையும் கொண்டுவந்து அப்பும். போர் தண்ணியில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். நல்ல தண்ணியில், விடியக்காலையில், துணியால் துடைப்பதுதான் சரி. கொதிக்கும் கண்ணாடியில் தண்ணி ஊற்றக் கூடாது.

பேட்டரிக்கோ டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணி ஊற்றினால் கதை முடிந்தது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் காற்றோட்டமான இடத்தில், சாமி விளக்குக்குத் தள்ளி வைக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை. முக்கால்வாசிக்கு மேல் இறக்கலாம், ரொம்ப நாள் உழைக்கும். முதல் செலவுதான் கூட.

எந்த பேட்டரியானாலும் பேனலுக்கு முன்னால் அதுதான் போகும். பேனல் 25 வருஷம் நிற்கும், டியூபுலர் பேட்டரி நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில வருஷம்தான். அதை மாற்றும் காசை இப்போதிருந்தே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி கரண்டு போனது. தெரு முழுக்க இருட்டு. ஆச்சி நெபுலைசரை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம். சோலார் மாட்டப் போகிறவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: "கரண்டு போனா இது எரியுமா?"