துப்பாக்கியைக் காப்பது பெட்டி மட்டுமல்ல, உள்ளிருக்கும் நுரைப்பஞ்சும்தான்: வீரர்களின் விமானப் பயணத்தில் கவனிக்க வேண்டியவை

புதுதில்லி:

தேசிய அளவிலான தேர்வுப் போட்டிகளுக்காக, தில்லியின் டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடுதளத்துக்கும் போபாலில் உள்ள மத்தியப் பிரதேச மாநிலப் பயிற்சி மையத்துக்கும் பல மாநிலங்களைச் சேர்ந்த வீரர், வீராங்கனைகள் பயணிக்கின்றனர். விமானத்தில் செல்வோர் துப்பாக்கியைத் தம்முடன் இருக்கைக்கு எடுத்துச் செல்ல முடியாது. முன்கூட்டியே அறிவித்து, உரிய ஆவணங்களைக் காட்டி, சரக்கு அறைக்குச் செல்லும் உடைமையாகவே அதை ஒப்படைக்க வேண்டும். மீண்டும் கைக்கு வரும் வரை அதைக் காப்பவை பூட்டப்பட்ட கடினப் பெட்டியும், அதனுள் 'ஃபோம்' எனப்படும் நுரைப்பஞ்சும்தான்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டப்படும் அக்கறை, அதனுள் உள்ள நுரைப்பஞ்சை வெட்டுவதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. ஆனால், போட்டியின் முடிவைப் பாதிக்கக்கூடிய சேதம் பல நேரங்களில் பெட்டியின் வெளிப்புறத்தில் தெரிவதே இல்லை.

முடியின் தடிமனில் மாறும் முடிவு

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் மையப் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. துப்பாக்கியின் முன், பின் குறிபார்க்கும் கருவிகளுக்கு இடையே சுமார் 75 செ.மீ. தொலைவு இருப்பதாகக் கொண்டால், அவற்றுள் ஒன்று 0.04 மி.மீ. நகர்ந்தாலே குண்டு இலக்கில் ஏறத்தாழ 0.5 மி.மீ. விலகிவிடும். இந்த நகர்வு தலைமுடி ஒன்றின் தடிமனைவிடவும் குறைவு. புள்ளிக் கணக்கில் இது சுமார் 0.2 புள்ளி இழப்பு. இறுதிச் சுற்றில் 0.1 புள்ளி வேறுபாட்டிலேயே பதக்கம் கைமாறக்கூடும்.

2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தை வென்று தந்த அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் தமது துப்பாக்கியின் குறி மாறியிருந்ததையும், சோதனைச் சுடுதலின்போது அதைக் கண்டு திருத்திக்கொண்டதையும் பின்னர் விவரித்துள்ளார். அது பயணத்தில் நேர்ந்ததல்ல. எனினும், குறி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு அது சான்று.

குறி ஒருமுறை இடம் மாறிவிட்டால் சோதனைச் சுடுதலில் திருத்திவிடலாம். ஆனால், அதிர்வால் ஒரு திருகு தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை சுடும்போதும் குறி மாறிக்கொண்டே இருக்கும். நுரைப்பஞ்சு தடுக்க வேண்டிய முதன்மை ஆபத்து இதுவே.

நுரைப்பஞ்சு எவ்வாறு காக்கிறது?

விழும் பொருளை உடனடியாக நிறுத்தாமல், சற்றுத் தொலைவு அமுங்கவிட்டு நிறுத்துவதே நுரைப்பஞ்சின் பணி. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துப்பாக்கி 2 மி.மீ. மட்டுமே அமுங்கி நின்றால், அதன் மீதான சராசரி விசை அதன் எடையைப்போல் சுமார் 500 மடங்காக இருக்கும். 2 செ.மீ. அமுங்கி நின்றால், அது சுமார் 50 மடங்காகக் குறைந்துவிடும்.

ஆகவே, மிகவும் மென்மையான பஞ்சும் பயன்படாது; மிகவும் கடினமானதும் பயன்படாது. மென்மையான பஞ்சு முழுவதும் நசுங்கி, துப்பாக்கியைப் பெட்டியின் சுவரில் மோதவிடும். கடினமான பஞ்சோ அமுங்கவே அமுங்காது. ஏர் ரைஃபிளின் எடை விதிப்படி 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பதால், அடிப்பகுதிக்கு உறுதியான பாலிஎதிலீன் பஞ்சும், மூடியின் உட்புறத்துக்கு மென்மையான பஞ்சும் பொருந்தும்.

சிறு சதுரங்களாக முன்கூட்டியே கீறப்பட்டு, வேண்டிய வடிவில் கையால் பிய்த்தெடுக்கும் வகைப் பஞ்சு எளிதானது. ஆயினும், எடை மிகுந்த துப்பாக்கிக்கு அதன் மெல்லிய தடுப்புகள் நாளடைவில் கிழிந்துவிடும். அடிக்கடி பயணிப்போருக்கு ஒரே பலகையாக வரும் பஞ்சை வெட்டிக்கொள்வதே நீடித்து உழைக்கும்.

வெட்டும் முறை

முதலில், துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, பிரிக்கக்கூடிய பாகங்களைப் பிரித்துவிட வேண்டும். பின்னர் அதைத் தாளின் மீது கிடத்தி உருவரை வரைந்து, அத்தாளை வெட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கியின் எந்த முனைக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. பஞ்சு இருப்பது நல்லது.

உருவரைக்கு 2 முதல் 3 மி.மீ. உட்புறமாக வெட்டினால் பஞ்சு துப்பாக்கியை இறுகப் பற்றிக்கொள்ளும். கூரிய நீண்ட கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே அழுத்தில் அறுக்காமல் பலமுறை மெதுவாக இழுத்து வெட்டினால் ஓரம் சீராக அமையும். சூடான கம்பியால் வெட்டுவோர், புகை வெளியேறும் வகையில் காற்றோட்டமான இடத்தில் அதைச் செய்ய வேண்டும்.

குறிபார்க்கும் கருவி, விசை, கன்னத்தாங்கியின் சரிசெய்யும் திருகுகள் ஆகியவற்றைச் சுற்றி மட்டும் இதற்கு நேர்மாறான அணுகுமுறை தேவை. அங்கே பஞ்சு தொடாதபடி சற்று அகலமாக வெட்ட வேண்டும். துப்பாக்கியின் எடையைக் குழலும் கட்டையும் தாங்க வேண்டுமே தவிர, நுட்பமான பாகங்கள் தாங்கக் கூடாது. கழற்றக்கூடிய குறிபார்க்கும் கருவியைத் தனிப் பள்ளத்தில் வைப்பது மேலும் பாதுகாப்பானது.

சோதனை அதிகாரிக்கும் எளிதாக

விமான நிலையச் சோதனையின்போது பெட்டி திறக்கப்படும். துப்பாக்கியைப் பிடுங்கி எடுக்க வேண்டிய நிலை இருந்தால், அங்கேயே சேதம் நேரக்கூடும். இரு பக்கங்களிலும் விரல் நுழையும் அளவுக்குக் குழிகள் வெட்டினால் இதைத் தவிர்க்கலாம். துப்பாக்கி காலியாக இருப்பதைக் காட்டும் பாதுகாப்புக் கொடி வெளியே தெரியும்படியும் பள்ளம் அமைய வேண்டும்.

காற்று சிலிண்டரை, விமான நிறுவனத்தின் விதிக்கேற்பக் காற்றை வெளியேற்றிக் கழற்றித் தனிப் பள்ளத்தில் வைத்தால், அதைப் பார்வையிடுவது எளிதாகும். துப்பாக்கிக்கு அருகே தோட்டாக்களுக்கெனப் பள்ளம் வெட்டக் கூடாது. அவற்றைத் தனியே, பாதுகாப்பாகப் பொதிந்து அறிவிக்க வேண்டும். பயணி ஒருவருக்குப் பொதுவாக 5 கிலோ என்பதே அவற்றுக்கான உச்சவரம்பு. இதைவிடக் கடுமையான வரம்புகளும் இருக்கக்கூடும் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டறிவது அவசியம்.

ஈரமே மறைந்திருக்கும் எதிரி

திறந்த துளைகள் கொண்ட பஞ்சு, ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அதில் துப்பாக்கியை நாள்கணக்கில் வைத்திருந்தால் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். மூடிய துளைகள் கொண்ட பாலிஎதிலீன் பஞ்சில் இச்சிக்கல் குறைவு. இருப்பினும் எந்தப் பஞ்சானாலும், பெட்டி பயணத்துக்கு மட்டுமே உரியது. சேருமிடத்தை அடைந்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். பஞ்சில் பசை பயன்படுத்தியிருந்தால், அது நன்கு உலர்ந்து வாடை நீங்கிய பின்னரே துப்பாக்கியை வைக்க வேண்டும்.

பயணத்துக்கு முன்னும் பின்னும்

மூடிய பெட்டியை மெதுவாகச் சாய்த்துப் பார்க்கும்போது உள்ளே எதுவும் நகரும் ஓசை கேட்கக் கூடாது. மூடியைப் பூட்டுவதற்குப் பலமாக அழுத்த வேண்டியிருந்தால், பள்ளத்தின் ஆழம் போதவில்லை என்று பொருள். கிளம்பும் முன் குறிபார்க்கும் கருவியின் அளவுகளைக் குறித்துவைத்தால், சேருமிடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். துப்பாக்கியை எடுத்து ஒரு நாள் கழிந்த பிறகும் பஞ்சில் அமுங்கிய தடம் அப்படியே இருந்தால், அதன் தாங்கும் திறன் குறைந்துவிட்டது. அடுத்த பயணத்துக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும்.