உங்கள் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுமா? சோதித்தவர் சொன்னால்தான் தெரியும்!

பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத மடிக்கணினி. திரை பளிச்சென்று இருக்கிறது, விசைகள் எல்லாம் வேலை செய்கின்றன, பிள்ளை அதில்தான் பள்ளிப்பாடம் செய்கிறது. ஆனால் ஒருநாள், 'இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை' என்று ஓர் அறிவிப்பு வருகிறது. இதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா என்று பல வீடுகளில் கேள்வி எழுகிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், இல்லிருப்புக் கற்றலுக்காக அவசர அவசரமாக வாங்கிய பழைய மடிக்கணினிகளில் பல இந்த வரம்புக்குள் வருவதில்லை.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில்தான் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. சுமாரான புதிய மடிக்கணினி ஒன்று வாங்கினாலே ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும். தோட்டத்திலும் தாமானிலும் வாழும் குடும்பங்களுக்கு இது சின்னத் தொகை அல்ல.

இதற்கு மாற்றுவழி உண்டு. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பழைய கணினியில் போட்டுக் கொள்ளலாம். பெயர் புதிதாகத் தோன்றினாலும், நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுவதும் லினக்ஸின் கருநிரல்தான். மலேசிய அரசாங்கம் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004ஆம் ஆண்டிலேயே அறிமுகப்படுத்தியது.

ஆனால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "என் கணினியில் அது ஓடுமா?" என்பதுதான். அதே கணினியை வைத்திருக்கும் வேறொருவர் போட்டுப் பார்த்துச் சொல்லும்வரை, இதற்கு உறுதியான பதில் சொல்வது கடினம்.

ஏன் இந்தக் குழப்பம்?

மடிக்கணினியின் மூடியில் ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். உள்ளே இருப்பதோ பலர் கைவண்ணம். செயலி இன்டெல் அல்லது ஏஎம்டி, ஒலிச் சில்லு ரியல்டெக், வைஃபை அட்டை பிராட்காம் அல்லது மீடியாடெக், தொடுதளம் சினாப்டிக்ஸ் என்று கலவையாக இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் வேலை வாங்க 'இயக்கி' என்னும் சிறு மென்பொருள் தேவை.

விண்டோஸுக்கான இயக்கிகளைப் பாகங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களே எழுதுகின்றன. கணினி கடைக்கு வருவதற்கு முன்பே சோதனையும் முடிந்துவிடும். லினக்ஸுக்கு அப்படிச் சோதித்துத் தரும் கணினிகளும் உள்ளன. உபுண்டுவை வெளியிடும் கெனொனிக்கல் நிறுவனம், தான் சோதித்துச் சான்றளித்த கணினிகளின் பட்டியலையே வைத்திருக்கிறது. ஆனால் சந்தையில் விற்கும் எத்தனையோ மலிவுவிலைக் கணினிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மாடல் எண் கொண்ட இரு கணினிகளில் வெவ்வேறு வைஃபை அட்டைகள் இருக்கலாம். ஒன்றில் இணையம் உடனே வரும், மற்றொன்றில் வராது. அதனால்தான் "அந்த பிராண்ட் நன்றாக ஓடும்" என்ற பொதுவான பேச்சை நம்பிக் காசு போட முடியாது.

கோத்தோங் ரோயோங் போல் ஒரு வேலை

1991ஆம் ஆண்டு, ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கினார். முதலில் அது அவருடைய சொந்தக் கணினிக்காக எழுதப்பட்டதுதான். மற்றவர்கள் தங்கள் கணினிகளில் போட்டுப் பார்த்து, எது ஓடியது, எது ஓடவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். திருத்தம் எழுதத் தெரிந்தவர்கள் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். இன்று அது பல்லாயிரம் வகைக் கணினிகளில் ஓடுவதற்கு அந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

கணினிக்குள் இருக்கும் பாகங்களுக்குப் பிறப்புப் பத்திரம் போல இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தயாரித்த நிறுவனத்தைக் காட்டும், மற்றொன்று பாகத்தைக் காட்டும். முதல் எண் 8086 என்று இருந்தால் அது இன்டெல் தயாரிப்பு. லினக்ஸ் அந்த எண்களைப் பார்த்துத்தான் எந்த இயக்கியை எழுப்புவது என்று முடிவு செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஒரே ஒலிச் சில்லை ஒவ்வொரு கணினி நிறுவனமும் ஒவ்வொரு விதமாக இணைக்கும். அதனால் சில மடிக்கணினிகளில் காதொலிக் கருவியில் சத்தம் வரும், ஒலிபெருக்கி ஊமையாக இருக்கும். பயனர் ஒருவர் தம் கணினியின் எண்களோடு அந்தக் குறையைத் தெரிவித்தால், நிரலாளர் சிறு திருத்தம் ஒன்றைச் சேர்ப்பார். சில சமயம் அது ஒரே ஒரு வரியாகக்கூட இருக்கும். அடுத்த பதிப்பு வரும்போது, உலகில் அதே கணினியை வைத்திருக்கும் அனைவருக்கும் சத்தம் கேட்கும்.

இத்தகைய தகவல்களைச் சேர்த்து வைக்கும் பொதுத் தரவுத்தளங்களும் உண்டு. 'லினக்ஸ் ஹார்ட்வேர்' என்ற தரவுத்தளத்தில் கணினி மாடலைத் தேடினால், அதைச் சோதித்தவர்களின் முடிவுகளைப் பாகம் பாகமாகப் பார்க்கலாம். அச்சுப்பொறிகளுக்கு 'ஓப்பன்பிரின்டிங்' உள்ளது. அங்கே சுத்தமாக ஓடாத அச்சுப்பொறிக்குக் கொடுக்கப்பட்ட தரம் 'பேப்பர்வெயிட்'! காகிதம் பறக்காமல் மேலே வைக்கத்தான் அது உதவும் என்று பொருள்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

லினக்ஸைப் பதிவு செய்யாமலேயே, பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். கணினியில் உள்ள விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும்.

முதலில் முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பிறகு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிது. அதற்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் தேவை, 4 ஜிபி இருந்தால் வசதி. பழைய கணினிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக ஓடும். அதை இலவசமாகப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளால் பென் டிரைவில் ஏற்றுங்கள். கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் திறக்கும்போது லெனோவோ, டெல் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12 விசையை அழுத்த வேண்டும். எச்பி கணினிகளில் எஃப்9 விசை, ஆசுஸ் கணினிகளில் எஸ்கேப் விசை. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். திரையில் 'இன்ஸ்டால்' என்ற படம் தெரியும். சோதனை முடியும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

பென் டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு கட்டாமல், கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

1. வைஃபை இணைகிறதா? பத்து நிமிடம் அறுபடாமல் இருக்கிறதா?
2. ஒலிபெருக்கி, காதொலிக் கருவி இரண்டிலும் சத்தம் வருகிறதா?
3. கேமராவும் ஒலிவாங்கியும் இணையச் சந்திப்பில் வேலை செய்கின்றனவா?
4. தொடுதளத்தில் இரு விரல்களால் பக்கத்தை நகர்த்த முடிகிறதா?
5. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் இயங்குகின்றனவா?
6. மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் கணினி விழிக்கிறதா?
7. புளூடூத், எச்டிஎம்ஐ வழி வெளித்திரை, வீட்டு அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா?
8. விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99-ஐத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா?

ஆறாவதை யாரும் சோதிப்பதில்லை. தூங்கப்போன கணினி விழிக்காமல் போவது பழைய கணினிகளில் வரும் பெரிய தலைவலி. மற்றபடி, விரல்ரேகை வருடி ஓடாமல் இருப்பது சகஜம், அது இல்லாமலும் காலம் தள்ளலாம். வைஃபை வராவிட்டால், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து பாருங்கள். பிறகு மின்ட்டில் உள்ள 'டிரைவர் மேனேஜர்' பொருத்தமான இயக்கியைத் தேடித் தரக்கூடும்.

கல்வியமைச்சின் டெலிமா தளம், கூகுள் வகுப்பறை போன்றவை உலாவியிலேயே இயங்குபவை என்பதால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸை விண்டோஸில் செய்வதுபோல் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. லிப்ரெஆஃபிஸைப் பயன்படுத்த வேண்டும். போட்டோஷாப் அவசியம் தேவைப்படுபவர்களுக்கும் இது சரிப்பட்டு வராது. பிள்ளையின் கல்லூரி குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளைக் கேட்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

சோதித்தால் போதாது, சொல்ல வேண்டும்

"வைஃபை வரல" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் யாருக்கும் பயனில்லை. கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்தெந்தப் பாகம் ஓடியது, எது ஓடவில்லை, ஓட வைக்க என்ன செய்தீர்கள் ஆகிய ஆறையும் எழுதுங்கள். எல்லாம் நன்றாக ஓடினாலும் எழுதுங்கள். குறை மட்டுமே பதிவானால், அந்தக் கணினி உருப்படாது என்று அடுத்தவர் நினைத்துவிடுவார்.

'லினக்ஸ் ஹார்ட்வேர்' தரவுத்தளத்துக்கு அனுப்ப எச்டபிள்யூ-புரோப் என்ற சிறு கருவி இருக்கிறது. அது பாகங்களின் எண்களையும் அவை இயங்கும் நிலையையும் திரட்டி அனுப்பும். பயனர் பெயர், ஐபி முகவரி, பாகங்களின் வரிசை எண் போன்ற சொந்தத் தகவல்கள் தரவுத்தளத்துக்குப் போவதில்லை என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆலய இளைஞர் பிரிவோ இதை ஒரு சனிக்கிழமை வேலையாக எடுத்துச் செய்யலாம். நாலைந்து பென் டிரைவ், ஒரு நோட்டுப் புத்தகம், கணினி தெரிந்த இரண்டு இளைஞர்கள் போதும். நிறுவனங்கள் பழைய கணினிகளைக் கழிக்கும்போது ஒரே மாடலில் பத்து இருபது என்று வருவதுண்டு. ஒன்றை முழுமையாகச் சோதித்துக் குறித்து வைத்தால், மற்றவற்றுக்கும் ஏறக்குறைய அதே பதில்தான். வைஃபை அட்டையை மட்டும் தனித்தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

பழைய கணினி வாங்கப் போகிறவர்களுக்கும் அந்த நோட்டுப் புத்தகம் உதவும். லோ யாட் பிளாசாவோ சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரோ, எந்தக் கடைக்குப் போனாலும் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். அலுவலகங்களுக்காகத் தயாரான திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற வகைகளைப் பலர் ஏற்கெனவே சோதித்து எழுதியிருப்பதால், அவற்றைப் பற்றிய தகவல் எளிதில் கிடைக்கும்.

அலமாரியில் தூங்கும் அந்த மடிக்கணினி எஸ்பிஎம் எழுதும் ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரலாம். இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள். முடிவு நல்லதோ கெட்டதோ, எழுதி வையுங்கள். அதே மாடலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு வீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பார்.