மூன்று எஸ்டிமேட்டுகளும் ஒரு முற்றமும்

கடந்த ரமழானுக்குச் சற்று முன்னர் மாவனல்லையிலிருந்து என் தங்கை தொலைபேசியில் பேசினாள். புதுவீட்டுக்குக் குடிவந்தாயிற்று; கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை வாகனம் வந்து போகும் பாதை மாத்திரம் வெறும் மண்ணாகக் கிடந்தது. மழை பெய்தால் பிள்ளைகளின் சப்பாத்திலும் சேறு, ஹோலிலும் சேறு. கணவர் கத்தாரில். இன்டர்லொக் கல் பதிப்பதற்கு மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கியிருந்தாள்.

"நானா, ஆகக் குறைஞ்சதுக்கும் ஆகக் கூடினதுக்கும் அறுபதாயிரம் வித்தியாசம். குறைஞ்சவருக்கே குடுத்துடவா?"

"கொஞ்சம் பொறு தங்கச்சி, நான் வாறேன்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணமுண்டு. சில வருடங்களுக்கு முன் என் வீட்டு முற்றத்துக்கும் இதே கல்தான் பதித்தேன். ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலையைக் கொடுத்தேன். முதல் மாரியிலேயே வேனின் சில்லுகள் ஓடும் இடம் இரண்டு கோடுகளாகத் தாழ்ந்து, நடுவில் மேடு நின்றது. ஒரு கல்லைக் கிளப்பிப் பார்த்தால் கொஞ்சம் மணல், அதன் கீழே நேராகத் தோட்டத்து மண். கொந்தராத்துக்காரரிடம் கேட்டேன். "மௌலவி, நீங்க கல்லு பதிக்கத்தானே சொன்னீங்க" என்றார். அவர் பேச்சில் நியாயமில்லை என்றும் கூற முடியாது. அடியில் என்ன போட வேண்டுமென்று எந்தக் கடதாசியிலும் எழுதியிருக்கவில்லை. அரபுக் கல்லூரியில் வருடா வருடம் கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்துபவன் நான். பேசப்படும் பொருள் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், மறைவான நிலையில் செய்யும் வியாபாரத்துக்கு 'கரர்' என்று பெயர் என மாணவர்களுக்கு விளக்கிவிட்டு, என் வாசலில் அதையே செய்திருந்தேன்.

தங்கை மூன்று கடதாசிகளையும் மேசையில் விரித்தாள். முதலாவது, கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய ஒரே வரி: கல் பதித்தல், மொத்தம் இவ்வளவு. இரண்டாவது சதுர அடிக் கணக்கு. மூன்றாவது சதுர மீற்றர் கணக்கு. மீற்றர் விலையைக் கண்டதுமே அவள் பயந்து போயிருந்தாள். ஒரு சதுர மீற்றர் என்பது 10.76 சதுர அடி. அதனால் வகுத்த பின்னர்தான் அடி விலையோடு ஒப்பிடலாம்.

முதலில் அளவு நாடாவை எடுத்து நாமே அளந்தோம். நீளம் 40 அடி, அகலம் 10 அடி. 400 சதுர அடி. இரண்டாமவர் 460 என்று எழுதியிருந்தார். ஏமாற்றுகிறாரோ என்று நினைத்தோம். கேட்டபோது, வாகனம் திரும்புவதற்காகக் கேட்டருகே அகட்டி அளந்ததாகச் சொன்னார். உண்மையில் அது தேவைதான். மற்ற இருவரும் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

பின்னர் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு வந்தோம். மேலே தெரியும் கல் மூவரிடமும் கிட்டத்தட்ட ஒன்றே. காரும் வேனும் ஓடுவதற்கு 60 மில்லிமீற்றர் கனமுள்ள கல் போதும். டிப்பர் வளவுக்குள் வருமென்றால் 80. விலையின் வித்தியாசம் கல்லின் கீழேதான் இருந்தது. மண்ணை வெட்டியெடுத்து, உடைத்த கருங்கல்லும் தூளும் கலந்த ஏ.பி.சி.யை 6 அங்குலம் போட்டு மெஷினால் இறுக்கி, அதன் மேல் ஒன்றரை அங்குல மணலைப் பரப்பிக் கல்லைப் பதிக்க வேண்டும். எல்லாமாகப் பத்து அங்குலம் தோண்ட வேண்டும். 460 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 4 கியூப் மண் வெளியே வரும். வெட்டிய மண் பொங்குவதால் லொறியில் ஏறும்போது இன்னும் கூடும். அதை ஏற்றிப் போகும் கூலி யாருடையது? முதலாமவரிடம் கேட்டால் "அது வீட்டுக்காரர்ட" என்கிறார். ஓரங்களில் கல் விலகாமலிருக்கப் பதிக்கும் கேர்ப் கல்லும் அவருடைய ஒரு வரிக்குள் இல்லை.

சாய்வும் அப்படித்தான். மழைநீர் வீட்டை விட்டு விலகி ஓட, அடிக்குக் கால் அங்குலம் வீதம் 40 அடிக்கு 10 அங்குலம் இறங்க வேண்டும். வீடு வீதியை விடப் பள்ளத்தில் இருந்தால் போர்ட்டிகோவுக்கு முன்னால் குறுக்காக ஒரு கான் வெட்டியே ஆக வேண்டும், அதற்கும் விலையுண்டு. இன்னொன்று, பிற்காலத்தில் தண்ணீர்க் குழாயோ வயரோ கொண்டுபோக நினைப்பவர்கள், கல் பதிக்கும் முன்பே அடியில் ஒரு பீ.வீ.சீ. குழாயைக் குறுக்கே புதைத்துவிட வேண்டும்.

கொங்கிரீட் போடுவோர் கேட்க வேண்டியவை வேறு. கனம் 4 அங்குலமா, கலவை 1:2:4ஆ, பத்தடிக்கு ஒரு மூட்டு விடப்படுமா, ஏழு நாளைக்குத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பது யார்? கடைசிக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வாங்காவிட்டால் அந்த வேலை வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதி, மூவருக்கும் அதே தாளைக் கொடுத்து மறுபடியும் விலை கேட்டோம். கலண்டர் தாள்காரரின் தொகை இரண்டாமவருடையதைத் தாண்டிவிட்டது. மூன்றாமவரின் நிறுவனம் வற் பதிவுள்ளது. அந்த வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அது தொகைக்குள் அடக்கமா, மேலதிகமா என்று கேட்காமல் விட்டால் பெரிய மாற்றம் வந்துவிடும்.

இந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ராத்தா ஒரு யோசனை சொன்னார். இரண்டாமவரிடம், "இதவிடக் குறைச்சு இன்னொருத்தர் தாறாரு" என்று சும்மா சொல்லிப் பார்க்கலாமாம். பேரம் பேசுவதில் தவறில்லை. இல்லாத விலையைச் சொல்லி இறக்குவது பொய். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதை நபியவர்கள் தடுத்தது போலவே இதுவும் என்றேன். ராத்தாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இரண்டாமவருக்கே வேலை போனது. பணத்தை மூன்றாகப் பிரித்தோம்: சாமான் வாங்க ஒரு பங்கு, ஏ.பி.சி. இறுக்கியதை நாம் பார்த்த பின் ஒரு பங்கு, முடிந்ததும் மிகுதி. அந்த மிகுதியில், மொத்தத்தின் பத்திலொன்றை ஒரு நல்ல மழை பெய்யும் வரை நிறுத்தி வைப்பதென்றும் எழுதினோம். தொழிலாளியின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆகவே இந்தப் பத்திலொன்று ஆரம்பத்திலேயே அவர் சம்மதித்ததாக இருக்க வேண்டும். முடிந்த பின் நாமாகப் பிடித்து வைப்பது அநியாயம். 2022இல் சீமெந்து விலை அடிக்கடி ஏறிய அனுபவம் எல்லோருக்கும் இருப்பதால், விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் குறித்தோம்.

"நம்ம ஊராள்தானே, இவ்வளவும் எழுதணுமா?" என்று தங்கை கூச்சப்பட்டாள். குர்ஆனின் மிக நீளமான வசனமான சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. முற்பணம் வாங்கியவர் நமக்கு வேலை கடன்பட்டவரல்லவா? பாஸும் மறுக்காமல் ஒப்பமிட்டார். "எனக்கும் நல்லம், பிறகு கூடுதல் வேல சொல்ல மாட்டீங்களே" என்று சிரித்தார்.

பெருநாள் கழிந்து வேலை ஆரம்பித்தது. ஏ.பி.சி. இறுக்கிய அன்று தங்கை, மகளின் பாடசாலை அடிமட்டத்தோடு போய் மூன்று இடங்களில் அலவாங்கால் கிளறி அளந்தாள். கேட் பக்கம் 4 அங்குலமே இருந்தது. தாளை எடுத்துக் காட்டினாள். பாஸ் முணுமுணுத்தார், ஆனாலும் பின்னேரமே இன்னும் அரைக் கியூப் வந்தது.

மே மாதத்தில் இரவெல்லாம் மழை கொட்டியது. காலையில் அவள் குடையோடு இறங்கிப் பார்த்தபோது, தண்ணீர் எங்கும் தேங்காமல் கேட்டுக்கு வெளியே கானில் விழுந்துகொண்டிருந்தது. அன்று அஸருக்குப் பின் பாஸை வரச்சொல்லி மீதிப் பணத்தைக் கொடுத்தாள்.