தீம் பார்க்கில் ஆளைச் சாய்ப்பது வெயிலா? புழுக்கமா?

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பகல் மணி 1. தீம் பார்க்கில் ராட்சத ராட்டினத்துக்கு முன்னால் கியூ பாம்பு மாதிரி வளைந்து நிற்கிறது.

அப்பாவுக்கு சட்டை முதுகோடு ஒட்டி விட்டது. அம்மா முந்தானையால் விசிறிக் கொள்கிறார். பாட்டி பையைக் காவல் காத்துக் கொண்டு சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து விட்டார். பையன் மட்டும் குதிக்கிறான்.

"என்னங்க, தலை சுத்துற மாதிரி இருக்கு."

"இன்னும் இருபது பேருதான் இருக்காங்க. கொஞ்சம் பொறு. இவ்வளவு காசு கொடுத்து உள்ளே வந்திருக்கோம்ல?"

இருபது பேர் நகர அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் அம்மா பொத்தென்று தரையில் உட்கார்ந்து விடுகிறார். கூட்டம் சூழ்ந்து கொள்கிறது. "சோடா வாங்கிட்டு வாப்பா" என்று ஒருவர். "முகத்தில் தண்ணி தெளிங்க" என்று இன்னொருவர். வரும் கொஞ்சநஞ்சக் காற்றையும் கூட்டமே மறித்து விடுகிறது!

கோடை லீவில் ஜனம் கூடுகிற எந்த இடத்திலும் காணக் கூடிய காட்சிதான் இது. "வெயில் தாங்கலை பாவம்" என்று சொல்லி விட்டு எல்லோரும் கலைந்து போவார்கள்.

ஆனால் அந்த அம்மா நின்றது நிழலில். தலைக்கு மேலே கூரை இருந்தது. அப்படியானால் சாய்த்தது எது?

மண் பானை

வீட்டில் உள்ள மண் பானையைப் பாருங்கள். பானைக்கு வேர்க்கிறது. அந்த ஈரம் காற்றில் காய்கிறது. காயும்போது பானையின் சூட்டையும் சேர்த்து எடுத்துக் கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகிறது.

மனுஷ உடம்பும் இதே பானைதான். ஒரு லிட்டர் வேர்வை காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி சூடு உடம்பை விட்டுப் போகும். ஆனால் காய வேண்டும். அதுதான் விஷயம்!

சென்னைக் காற்றில் ஏற்கனவே கடல் ஈரம் நிறைந்து கிடக்கிறது. அது இன்னும் ஈரத்தை வாங்குவேனா என்கிறது. அதனால் வேர்வை காயாமல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. கீழே விழுந்த வேர்வையால் உடம்புக்கு நயா பைசா லாபம் கிடையாது. தண்ணீரும் உப்பும் செலவானதுதான் மிச்சம். டெல்லி வீடுகளில் வைக்கோல் தட்டி வைத்த ஏர் கூலர் ஜமாய்க்கிறது. அதையே சென்னைக்குக் கொண்டு வந்தால் புழுக்கத்தைக் கூட்டுகிறது. காரணம் இதேதான்.

கியூவில் நிற்கும் போது நிலைமை இன்னும் மோசம். முன்னால் ஒரு உடம்பு, பின்னால் ஒரு உடம்பு. எல்லோருக்கும் வேர்க்கிறது. தகரக் கூரை சூட்டைக் கீழே அனுப்புகிறது. காற்று கிடையாது. வெட்ட வெளியில் மரத்தடியில் நிற்பவனை விட, கூரையடியில் கூட்டத்தில் நிற்பவன் சீக்கிரம் சாய்கிறான்.

நிழல் கணக்கு

"இன்று நுங்கம்பாக்கத்தில் 104 டிகிரி" என்று பேப்பரில் பார்க்கிறோம். அது நிழலில் எடுத்த கணக்கு என்பது பலருக்குத் தெரியாது. காற்று புகுந்து போகிற மாதிரி பலகை வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்து எடுக்கிற அளவு அது. தார் ரோட்டின் மேலோ, சிமெண்டுத் தரையிலோ எடுத்த அளவு அல்ல. தீம் பார்க் தரையில் செருப்பில்லாமல் ஓடும் குழந்தையைக் கேட்டால் உண்மை டிகிரி தெரியும்!

நுங்கம்பாக்கத்தில் 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி 113 டிகிரி, அதாவது 45 செல்சியஸ் பதிவானது. அந்த மாதிரி நாளில் யாரும் சொல்லாமலே ஜனங்கள் வீட்டுக்குள் இருந்து விடுவார்கள். ஏமாற்றுவது 95, 96 டிகிரி நாட்கள்தான். "இன்னைக்கு வெயில் பரவாயில்லை" என்று கிளம்பி விடுவார்கள். ஈரம் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை.

மெரினாவில் 2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விமானப்படை சாகசம் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். கத்திரி வெயில் இல்லை, அது புரட்டாசி மாதம்! பகல் நேரம், நெரிசல், தண்ணீர் கிடைக்கவில்லை. 5 பேர் உயிரிழந்தார்கள். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஏராளம். அதே மாதக் கடைசியில்தான் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது.

கடல் காற்று

இனி பார்க்குக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் கோடைப் பகலைக் காப்பாற்றுவது கடல் காற்று. சாதாரணமாக நண்பகலுக்கு மேல் உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் 3 மணி வரை கூட வராது. சில நாள் வரவே வராது. அந்த நாட்களில்தான் வெயில் தாறுமாறாக ஏறுகிறது.

கடல் காற்று கரையோரத்துக்கு முதலில் வரும். இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். என்று கடலை ஒட்டிய இடங்களுக்கு முன்னால் கிடைக்கும். பூந்தமல்லியைத் தாண்டி உள்ளே இருக்கும் குயின்ஸ்லாண்ட் பக்கத்துக்கு அது போய்ச் சேர நேரம் ஆகும். காற்று வந்தவுடன் டிகிரி இறங்கும். கூடவே ஈரமும் ஏறும். "அப்பாடா, காத்து வந்துடுச்சு" என்று மறுபடி ஓட ஆரம்பித்தால் வேர்வை ஆறாகக் கொட்டும்.

ஆகவே திட்டம் இப்படி இருக்கட்டும். கதவு திறந்தவுடன் உள்ளே போய், வெயிலில் நிற்க வேண்டிய ராட்டினங்களை முதலில் முடித்து விடுங்கள். 11-30 மணியிலிருந்து 3-30 மணி வரை எதிலும் கியூவில் நிற்கக் கூடாது. அந்த நேரத்துக்கு ஏ.சி. போட்ட காட்சிக் கூடம், சாப்பாட்டுக் கூடம், மர நிழல், தண்ணீர்க் குளம் இவற்றில் ஏதாவது ஒன்று. சாயந்திரம் மீதியைப் பார்க்கலாம். "காசு கொடுத்தாச்சே, நாலு மணி நேரம் வீணாகுதே" என்று கணக்குப் பார்க்கிறவர்கள் ஆஸ்பத்திரி பில்லையும் கூட்டிப் பார்க்கட்டும்.

குளத்தில் இருந்தால் ஆபத்து இல்லையா? இருக்கிறது. தண்ணீருக்குள் கழுத்து வரை இருக்கும் போது உடம்புச் சூடு நன்றாகவே இறங்கும். ஆனால் அலைக் குளத்தில் இரண்டு மணி நேரம் குதிப்பவனுக்கும் வேர்க்கிறது. நனைந்திருப்பதால் தெரிவதில்லை. தாகமும் தெரிவதில்லை. வெளியே வந்ததும் கால் பின்னுகிறது. முழங்கால் ஆழக் குழந்தைக் குளமோ, மதியத்தில் வெந்நீர் ஆகி விடுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை பிள்ளையை வெளியே இழுத்து, அழுதாலும் பரவாயில்லை, நிழலில் உட்கார வைத்துக் குடிக்கக் கொடுங்கள்.

கோலாவா, மோரா?

குடிப்பது என்றதும் எல்லோரும் கலர் பாட்டிலைத் தேடுகிறார்கள். ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். வேர்வையோடு போனது தண்ணீரும் உப்பும். உப்புப் போட்ட நீர் மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை ஜூஸ்... இவைதான் அதை ஈடு கட்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 சமமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதுவே ஓ.ஆர்.எஸ். உப்பு மட்டும் கூடி விடக் கூடாது.

"ஒரு பீர் அடிச்சா உடம்பு குளிர்ச்சி மச்சான்" என்று வழியில் வண்டியை நிறுத்துகிற வாலிபர்கள் உண்டு. அது டாஸ்மாக் வைத்தியம்! பீர் உள்ளே இருக்கிற தண்ணீரையும் சேர்த்து வெளியே தள்ளும். மதியம் பிரியாணியை ஒரு பிடி பிடித்து விட்டு நேராக ராட்டினத்தில் ஏறுகிறவர் கதையைச் சொல்லவே வேண்டாம். பின் சீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம்.

ரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது. அந்த மாத்திரையே உடம்புத் தண்ணீரை இறக்கி விடும். மேலே வேர்வையும் சேர்ந்தால்?

பெண்கள்

இப்போது முதலில் சொன்ன அந்த அம்மாவிடம் வருவோம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் போது அரை டம்ளர் காப்பி. அதற்கப்புறம் தண்ணீரே குடிக்கவில்லை. ஏன்? கக்கூஸ் எங்கே இருக்கிறதோ, எப்படி இருக்கிறதோ, எவ்வளவு பெரிய கியூவோ என்ற பயம். வெளியூர், கல்யாணம், திருவிழா என்று எங்கே போனாலும் நம் வீட்டுப் பெண்கள் செய்கிற காரியம் இது. ஆண்களுக்கு இது தோன்றுவதே இல்லை. கூட்டத்தில் முதலில் விழுகிறவர்களில் இப்படித் தண்ணீரை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

அமெரிக்காவில் டிஸ்னிலாண்ட் 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி திறந்தது. அன்றைக்கு அங்கே சுமார் 100 டிகிரி. போலி டிக்கெட்டில் எல்லாம் கூட்டம் புகுந்து விட்டது. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் ஹை ஹீல்ஸ் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் ஸ்டிரைக்கால், குடிநீர்க் குழாயா, கக்கூஸா, ஏதாவது ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலைமை. வால்ட் டிஸ்னி கக்கூஸ்தான் முக்கியம் என்றார். தாகத்தில் தவித்த ஜனம், கலர் விற்பதற்காகத்தான் தண்ணீரை அடைத்து விட்டான் என்று திட்டித் தீர்த்தது!

அன்று கேட்ட கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. குடிநீர்க் குழாயும் வேண்டும், சுத்தமான கக்கூஸும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று இருந்தும் பிரயோஜனம் இல்லை. டிக்கெட் வாங்குவதற்கு முன் கவுண்டரிலேயே கேட்டு விடுங்கள்: "குடிக்கிற தண்ணி இலவசமா எங்கே இருக்கு? பாட்டில் கொண்டு போக விடுவீங்களா?" நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். உள்ளே போனவுடன் குழாய் எங்கே, கழிப்பிடம் எங்கே என்று பார்த்து வீட்டுப் பெண்களிடம் சொல்லி விடுவது ஆண்கள் வேலை.

வேஷம்

பார்க்குக்குப் போகிறவர் சாயந்திரம் வீடு திரும்பி விடுகிறார். அங்கேயே நிற்கிறவர்கள் பாடு?

வி.ஜி.பி.யின் சிலை மனிதரைத் தெரியாதவர் சென்னையில் குறைவு. ராஜா காலத்துக் காவல்காரன் உடுப்பு, தலைப்பாகை, பெரிய மீசை. சிரிக்க வைக்க ஜனம் என்னென்னவோ செய்யும். அசைய மாட்டார். சின்ன வயதில் அவர் முன்னால் நின்று கோமாளித்தனம் செய்தவர்கள், பிறகு தங்கள் பிள்ளைகளோடு வந்து அதையே செய்தார்கள். இந்தக் கடலோரப் புழுக்கத்தில், அந்த உடுப்புக்குள், அசையாமல்!

கரடி, முயல் என்று பஞ்சு பொம்மை வேஷம் போட்டுக் கை குலுக்கும் பையன்களும் அப்படித்தான். அந்த வேஷத்துக்குள் வேர்வை காய வழியே கிடையாது. போட்டோ எடுக்கிறேன் என்று வெயிலில் அரை மணி நேரம் அவர்களைப் பிடித்து வைக்காதீர்கள். பொம்மை தள்ளாடினால் டான்ஸ் ஆடுகிறது என்று கை தட்டி விடவும் கூடாது.

ஆஸ்பத்திரி

கடைசியாக, ஆள் விழுந்து விட்டால் என்ன செய்வது?

தலை சுற்றல், வாந்தி, கெண்டைக் கால் இழுப்பு, அளவுக்கு மீறிய வேர்வை. இது முதல் எச்சரிக்கை. நிழலுக்குக் கொண்டு போய், உடுப்பைத் தளர்த்தி, காலைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மோரோ ஓ.ஆர்.எஸ்.ஸோ கொடுத்தால் தெளிந்து விடுவார்கள். அன்றைக்கு அதோடு ராட்டினம் போதும்.

பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 104-க்கு மேல் போயிருக்கும். உயிருக்கே ஆபத்து. வேர்வை நின்ற பிறகுதான் வெப்பத் தாக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். வேர்த்துக் கொண்டிருக்கும் போதே வரலாம். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. நினைவு இல்லாதவர் வாயில் சோடா ஊற்றினால் புரையேறி விடும்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தண்ணீர்! கண்டுபிடிக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பு முழுக்கக் கொட்டி, துண்டாலோ அட்டையாலோ பலமாக விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்க வேண்டும். ஜூஸ் கடைப் பெட்டியில் ஐஸ் இல்லாமலா போகும்? ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது.

பார்க்கிங்கில் காரை மூடி, தூங்கும் குழந்தையை உள்ளே விட்டு விட்டு "டிக்கெட் மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 செல்சியஸ் வரை சூடு ஏறி விடும். டிக்கெட் கியூ பத்து நிமிடத்தில் முடிந்ததாகச் சரித்திரம் உண்டா?

108-க்கு போன் போடும் போது பார்க் பெயரோடு எந்த வாசல், எந்த ராட்டினத்துப் பக்கம் என்றும் சொல்லுங்கள். ஒரு ஆளை வாசலுக்கே ஓட விடுங்கள். அவ்வளவு பெரிய இடத்தில் எந்த மூலைக்கு வர வேண்டும் என்று ஆம்புலன்ஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்?