சின்ன விரலுக்கே நுட்பம் அதிகம்

பூத்தொடுப்பது, பீடி சுற்றுவது, தேயிலைக் கொழுந்து கிள்ளுவது, மின்னணுக் கருவிகளில் பொடிப்பொடியான பாகங்களைப் பொருத்துவது என்று விரல் நுனியை நம்பிய வேலைகளுக்கெல்லாம் பெண்களைத்தான் தேடுகிறார்கள். பெண்ணின் கைக்கு நுணுக்கம் பிறப்பிலேயே வந்தது என்று அதற்குக் காரணமும் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அளந்து பார்த்தது, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்ரைக்கின் ஆய்வுக் குழு. முடிவுகள் 2009இல் வெளிவந்தன.

சோதனை எளிமையானது. 100 மாணவ மாணவியரின் ஆள்காட்டி விரல் நுனியில், இணைகோடுகளாகப் பள்ளம் செதுக்கிய சிறு பரப்புகளை அழுத்தினார்கள். விரலை அசைக்கக் கூடாது. கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றனவா, குறுக்கே ஓடுகின்றனவா என்று மட்டும் சொல்ல வேண்டும். கோடுகள் நெருங்க நெருங்க, ஒரு கட்டத்தில் எல்லாமே வழவழவென்று தோன்றிவிடும். அந்த எல்லைதான் ஒருவரின் தொடுகூர்மை. சராசரியாகப் பெண்கள் ஆண்களைவிட நெருக்கமான கோடுகளைப் பிரித்தறிந்தார்கள். ஆனால் விரல் நுனியின் பரப்பளவையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. விரல் அளவு ஒன்றாக இருந்தால் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே உணர்ந்தார்கள். பெண்கள் முந்தியதற்குக் காரணம், அவர்களின் விரல் பொதுவாகச் சிறியது என்பதே.

சிறிய விரலில் என்ன இருக்கிறது? விளிம்புகளையும் நுண்ணிய மேடுபள்ளங்களையும் நமக்கு உணர்த்துபவை தோலுக்குள் இருக்கும் மெர்க்கல் செல்கள். இவை வியர்வைத் துளைகளின் அடியைச் சுற்றிக் கொத்தாக அமைந்திருக்கின்றன. உயிரோடிருப்பவரின் தோலுக்குள் அவற்றை எண்ணுவது கடினம் என்பதால், ஆய்வாளர்கள் வெளியே தெரியும் வியர்வைத் துளைகளை அளந்தார்கள். சிறிய விரல்களில் துளைகள் நெருக்கமாக இருந்தன. ஒரே அளவு நாற்றைச் சிறிய வயலில் நட்டால் இடைவெளி குறைவதைப் போல, சிறிய விரலில் உணர்செல்களும் நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களின் விளக்கம்.

வேறுபாடு பாலினத்தால் அல்ல, விரல் அளவால் என்பதை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. பூக்காரியும் பீடித் தொழிலாளியும் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த திறமையை, பெண்ணாகப் பிறந்ததற்குக் கிடைத்த கொடை என்று சொல்லும்போது, அதற்குரிய கூலியைக் குறைப்பதும் எளிதாகிவிடுகிறது.

சிறிய விரலே கூர்மையானது என்றால் குழந்தைகள்தானே எல்லோரையும் மிஞ்ச வேண்டும்? இதே குழு 6 முதல் 16 வயது வரையுள்ள 116 பேரைச் சோதித்தது. ஒரே வயதுக்காரர்களுக்குள் சின்ன விரல்காரர்களே முந்தினார்கள். ஆனால் வயது கூடி விரல் பெருத்தபோதும் கூர்மை பெரிதாகக் குறையவில்லை. மூளை முதிர்ந்து அந்த இழப்பை ஈடுகட்டுகிறது என்று கருதுகிறார்கள்.

முதுமையில் நடப்பது வேறு. விரல் நுனியில் இரண்டு மாற்றங்கள் தனித்தனியாக நிகழ்கின்றன. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, மேல்தோல் சார்ந்தது. கருவிலேயே உருவாகும் ரேகையின் வடிவம் வாழ்நாள் முழுக்க மாறுவதில்லை. ஆனால் வயதாக ஆகத் தோல் மெலிந்து உலர்ந்து, ரேகை மேடுகள் தட்டையாகின்றன. சிமென்ட்டிலும் சோப்பு நீரிலும் உழைத்த கைகளில் தேய்மானம் இன்னும் அதிகம். ரேஷன் கடையில் பாட்டியின் விரலைக் கருவி திரும்பத் திரும்ப மறுப்பது இதனால்தான். ஆதாரில் பத்து விரல்களோடு இரண்டு கருவிழிகளும் முகமும் பதிவாகியிருக்கின்றன. விரல் பதியவில்லை என்று ஒரு முதியவரை வெறுங்கையோடு அனுப்புவதற்கு நியாயமே இல்லை.

ஆனால் ரேகை தேய்ந்துவிட்டதாலேயே அந்த விரலுக்கு உணர்வு போய்விட்டது என்று பொருளில்லை. உணர்வு மங்குவது இரண்டாவது மாற்றம். பார்வையுள்ளவர்களுக்கு 12 வயதிலிருந்து 85 வரை தொடுகூர்மை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் லெகி குழு 2008இல் கண்டது. தோல் தளர்வதுதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். இளையோரிடையே தோலின் நெகிழ்ச்சி ஓரளவு வேறுபாட்டை உண்டாக்குவது மெய்தான்; ஆனால் முதுமையின் இறக்கத்தை அது விளக்கவில்லை என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மங்கல் இன்னும் ஆழத்தில் தொடங்குகிறது. மெல்லிய தொடுகையையும், பிடித்த பொருள் வழுக்குவதையும் உணர்த்தும் மைஸ்னர் உறுப்புகள் வயதோடு அருகுகின்றன. நரம்பில் செய்தி செல்லும் வேகமும் குறைகிறது.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. லெகி குழு சோதித்த, பிரெய்லி படிக்கும் பார்வையற்றவர்கள் முதுமையிலும் கூர்மையைத் தக்கவைத்திருந்தார்கள். அதற்கு முன் 2003இல் கோல்ட்ரைக் கண்டது இன்னும் வியப்பானது: சராசரிப் பார்வையற்றவரின் தொடுகூர்மை, அதே பாலினத்தில் 23 வயது இளையவரான பார்வையுள்ளவருக்குச் சமமாக இருந்தது. பார்வை போனதும் தொடுஉணர்வு தானாகக் கூடிவிடுகிறதா? 2011இல் அவர் குழு உதட்டையும் சோதித்தது. விரலில் முந்திய பார்வையற்றவர்கள் உதட்டில் முந்தவில்லை. உதட்டை எல்லோரும் ஒரேபோலப் பயன்படுத்துகிறோம். விரலை நம்பி வாழ்பவர்கள் அவர்கள். கூர்மையை வளர்ப்பது பயன்பாடே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறிந்தவரை இல்லை.

மருத்துவரிடம் போக வேண்டிய மரத்தலையும் 'வயசாயிடுச்சு' என்று வீட்டிலேயே முடித்துவிடும் வழக்கம்தான் எனக்குக் கவலை. முதுமையின் மங்கல் பல பத்தாண்டுகளில் மெல்ல வருவது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் இரவில் மரத்து ஆளை எழுப்புகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் வருகிறது. மணிக்கட்டுப் பட்டையாலோ சிறு அறுவைச் சிகிச்சையாலோ சரிசெய்யலாம். கால்விரலில் தொடங்கி மேலேறும் மதமதப்பு சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். அதைக் கண்டறிய, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். வலிக்காது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.