இணையம் இல்லை, சர்வர் இல்லை... செய்தி மட்டும் எப்படிப் போய்ச் சேரும்?

2022 அக்டோபர் 25. தீபாவளிக்கு மறுநாள். பிற்பகல் 3 மணிவாக்கில் சிங்கப்பூரில் வாட்ஸ்அப் நின்றுபோனது. உலகம் முழுக்க அதே நிலைமைதான். ஏறக்குறைய 2 மணி நேரம் கழித்துத்தான் சேவை திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தே முடங்கின. அன்று சுமார் 6 மணி நேரம்.

தேக்கா உணவு நிலையத்தில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகூட, அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வருகிறது. நடுவில் இருப்பவர் விழுந்தால் எல்லோரும் விழ வேண்டியதுதான்.

அப்படியென்றால் நடுவில் யாரும் இல்லாமல் கைத்தொலைபேசிகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியாதா? முடியும். புளூடூத், வைஃபை வழியாக ஒரு தொலைபேசி அடுத்ததிடம் கொடுக்க, அது இன்னொன்றிடம் கொடுக்க, செய்தி கைமாறிப் போகும். பிரையர், பிட்சாட் போன்ற செயலிகள் இந்த எண்ணத்தில் பிறந்தவை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு: நீங்கள் அனுப்பும்போது பெறுபவர் அருகில் இல்லாவிட்டால்? அவர் தொலைபேசியில் பேட்டரி தீர்ந்திருந்தால்?

வாட்ஸ்அப் சர்வர் உங்கள் செய்தியை 30 நாள் வரை வைத்திருந்து, பெறுபவர் இணையத்துக்கு வந்ததும் கொடுக்கும். சர்வரே இல்லாத கட்டமைப்பில் அந்த வேலையை மற்றவர்களின் தொலைபேசிகள்தான் செய்ய வேண்டும். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கத் தேவையில்லாத இந்த முறைக்குத்தான் அசின்க்ரோனஸ் என்று பெயர். ஊருக்குப் போகிறவரிடம் "இந்தக் கடிதத்தை எங்க வீட்டுல கொடுத்துடுங்க" என்று கொடுத்தனுப்புவோமே, அதுதான்.

கடிதம் போய்ச் சேருமா என்று எப்படிச் சோதிப்பது?

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்ரம் ஸ்ரீநிவாசன், மெஹுல் மோத்தானி, ஊய் வெய் சாங் மூவரும் 2006இல் அதை வெளியிட்டார்கள். திறன்பேசி பரவலாவதற்கு முந்தைய காலம் அது. ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் கருவி கொடுத்து அலையவிட முடியாது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல்கலைக்கழகத்தின் இணையக் கற்றல் தளத்திலிருந்து வகுப்பு நேர அட்டவணையையும் வகுப்புப் பட்டியலையும் எடுத்தார்கள். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, 22,341 மாணவர்களில் யார் யாரை எப்போது சந்திப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். (எல்லோரும் விரிவுரைக்கு ஒழுங்காக வருவார்கள் என்று நம்பிய கணக்கு. அந்த நம்பிக்கையைப் பாராட்டலாம்!)

கைத்தொலைபேசி வைரஸ் ஒன்று இப்படிச் சந்திப்புக்குச் சந்திப்பு தாவினால், ஒரே நாளில் கிட்டத்தட்ட எல்லா மாணவர்களையும் எட்டிவிடும் என்று தெரியவந்தது. வைரஸ் பரவும் வேகத்தில் செய்தியும் பரவலாம். சந்திக்கும் எல்லோரிடமும் ஒரு நகலைக் கொடுத்துவிட்டால் போதும். இந்த உத்திக்குத் துறையில் வைத்திருக்கும் பெயரே 'தொற்றுநோய்' வழி என்பதுதான்.

இதையே லிட்டில் இந்தியாவில் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டிலும் ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் வெளிநாட்டு ஊழியர்கள் திரளாகக் கூடுவார்கள். பலருக்கு வாரத்தில் நண்பர்களைப் பார்க்கும் ஒரே நாள் அது. துவாஸ் விடுதியில் இருப்பவர் கிராஞ்சி விடுதியில் இருக்கும் தம் ஊர்க்காரருக்கு ஒரு செய்தி அனுப்புகிறார் என்று கற்பனை செய்வோம். ஞாயிறு அன்று அனுப்பினால், கிராஞ்சிக்குத் திரும்பும் யாராவது ஒருவரின் பையில் அன்றிரவே போய்விடும். திங்கட்கிழமை அனுப்பினால்? துவாஸ்காரர்கள் கிராஞ்சிக்காரர்களைச் சந்திப்பது அடுத்த ஞாயிறுதான். செய்தி 6 நாள் காத்திருக்கும்.

ஆக, அருகில் எத்தனை தொலைபேசிகள் இருக்கின்றன என்று மட்டும் எண்ணினால் போதாது. இரண்டு பேர் ஒருமுறை பார்த்த பிறகு மறுபடி பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் தாமதத்தைத் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழக ஆய்வும் இந்த இடைவெளியை அளந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மட்டும் சோதித்துவிட்டு "எங்க செயலி சூப்பரா வேலை செய்யுது" என்று சொன்னால், நம்பாதீர்கள்.

எல்லோரிடமும் நகல் கொடுப்பது பேட்டரியையும் சேமிப்பிடத்தையும் தின்றுவிடும். அதனால் நகல்களுக்கு வரம்பு வைப்பார்கள். உதாரணத்துக்கு 8 நகல். முதலில் சந்திப்பவரிடம் 4 கொடுத்துவிட்டு 4 வைத்துக்கொள்வீர்கள். அவர் அடுத்தவருக்கு 2 கொடுப்பார். கையில் ஒன்றே ஒன்று மிஞ்சினால், இனி பெறுபவரை நேரில் பார்க்கும்வரை பொறுமையாகச் சுமக்க வேண்டியதுதான். நகல் குறையக் குறையச் செலவு குறையும், தாமதம் கூடும்.

சேர்ந்ததா என்பது பாதிக் கேள்விதான்

மீதிப் பாதி இது: வழியில் இருந்தவர்களுக்கு என்ன தெரிந்துபோனது?

செய்தியின் உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்துவிடலாம். சுமப்பவரால் படிக்க முடியாது. ஆனால் கடித உறை என்று ஒன்று இருக்கிறதே! யாரிடமிருந்து, யாருக்கு, எப்போது, யார் வழியாக என்ற தகவல். மேலே சொன்ன ஆய்வை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். ஒரு தொலைபேசியைக்கூடத் தொடாமல், வெறும் நேர அட்டவணையை வைத்தே 22,341 பேரின் சந்திப்பு வரைபடத்தை வரைய முடிந்தது. தொலைபேசிகளே சந்திப்பைக் குறித்து வைத்துக்கொண்டால் அது எவ்வளவு துல்லியமாக இருக்கும்?

நாம் அதைப் பார்த்துவிட்டோம். டிரேஸ்டுகெதர் செயலி 2020 மார்ச் 20ஆம் தேதி அறிமுகமானது. அது செய்தி அனுப்பும் செயலி இல்லை என்றாலும், நாடு முழுக்கத் தொலைபேசிகள் புளூடூத் மூலம் நேரடியாகப் பேசிக்கொண்ட சோதனை அது. ஒவ்வொரு தொலைபேசியும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் தற்காலிக அடையாளத்தை அறிவித்தது. அருகில் இருந்தவை அதைச் சேமித்தன. பக்கத்தில் நிற்பவருக்கு அது வெறும் எழுத்துக் குவியல். சுகாதார அமைச்சால் மட்டுமே அதைப் பிரித்துப் படிக்க முடிந்தது. கிருமித்தொற்று உறுதியானவர் தம் பதிவைக் கொடுத்தபோதுதான் அது தொலைபேசியை விட்டு வெளியே போனது.

ஆய்வகத்தில் தெரியாத தொல்லைகள் தெருவில் வந்தன. ஐஃபோனில் செயலியைத் திறந்து வைக்காவிட்டால் புளூடூத் சரியாக வேலை செய்யவில்லை. ஒவ்வொரு தொலைபேசி ரகமும் வெவ்வேறு வலிமையில் சமிக்ஞை அனுப்பியது. அந்த அளவீடுகளைக் கவ்டெக் எனும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு வெளிப்படையாகவே பகிர்ந்தது. திறன்பேசி இல்லாத மூத்தோருக்காகக் கையடக்கக் கருவி வந்தது.

இவையெல்லாம் பொறியாளர்கள் சரிசெய்யக்கூடியவை. பெரிய கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தது. 2021 ஜனவரி 4ஆம் தேதி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை இந்தத் தரவைப் பெற முடியும் என்று துணையமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் சொன்னார். தொற்றின் தடமறிய மட்டுமே தரவு பயன்படும் என்று மக்களுக்கு முன்பு சொல்லப்பட்டிருந்தது. ஒரு கொலை வழக்கில் தரவு கேட்கப்பட்டதும் தெரியவந்தது. அச்சட்டத்தைத் தாம் அப்போது யோசிக்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே, 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பிடும் சட்டம் நிறைவேறியது.

மறையாக்கம் உடையவில்லை. யாரும் ஹேக் செய்யவில்லை. சாவி ஓரிடத்தில் இருந்தது, அவ்வளவுதான். இதுபோன்ற கட்டமைப்பைச் சோதிக்கும்போது "சாவி யாரிடம்? எந்தச் சட்டம் அவரைத் திறக்க வைக்கும்?" என்ற கேள்வியும் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சர்வரே இல்லாத செயலிகளில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வேறு தொல்லை வரும். 2019 ஹாங்காங் ஆர்ப்பாட்டங்களின்போது பிரபலமான பிரிட்ஜ்ஃபை செயலியை லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். செய்திகள் போய்ச் சேர்ந்தன, சரி. ஆனால் பயனாளர்களைப் பின்தொடர முடிந்தது, செய்திகளைப் படிக்க முடிந்தது, கெட்ட நோக்கத்தோடு தயாரித்த ஒரே ஒரு செய்தியால் கட்டமைப்பையே முடக்கவும் முடிந்தது. 2025 ஜூலையில் ஜாக் டோர்சி அறிமுகப்படுத்திய பிட்சாட்டிலும், வெளியார் பாதுகாப்புச் சோதனை இன்னும் நடக்கவில்லை என்ற எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

நீங்களே சோதிக்க ஆசையா?

நண்பர்களிடமிருந்து 3 பழைய தொலைபேசிகள் போதும். மூன்றையும் விமானப் பயன்முறையில் போட்டு, புளூடூத்தை மட்டும் இயக்குங்கள். ஒன்று தேக்காவில், ஒன்று ஃபேரர் பார்க்கில், மூன்றாவது இரண்டுக்கும் நடுவே நடப்பவரின் பையில். முதலாவதிலிருந்து 20 செய்திகளை எண் போட்டு அனுப்புங்கள். எத்தனை வந்தன, எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில், எது இரண்டு முறை வந்தது என்று எழுதுங்கள். பிறகு பெறும் தொலைபேசியை அணைத்து, ஓர் இரவு கழித்துத் திறந்து, அதே நடையை மறுபடி நடக்கச் சொல்லுங்கள். நடுவில் நடந்தவரின் தொலைபேசியை மறுநாள் செயலியை மூடித் திறந்து, பேட்டரியையும் சேமிப்பிடத்தையும் பாருங்கள். கடைசியாக, யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதை அவரால் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள்.